விண்மீனைத் தொடரும் பலகை

தில்லி மாநகரில் ஓர் ஐப்பசி மாத மாலை. மழைக்காலம் நீங்கி வானம் தெளிந்திருந்தது. ஒரு பள்ளியின் விளையாட்டு மைதானத்தில், நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து எங்கள் கைகளாலேயே செய்த தொலைநோக்கியை நிறுத்தி, சனிக் கிரகத்தைக் குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். நாற்பது குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவள், முக்காலியின்மேல் ஏறி, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். “தெரிகிறதா, அம்மா?” என்று கேட்டோம். “தெரிகிறது, மாமா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அடுத்த குழந்தையை ஏற்றுமுன் நாங்கள் குனிந்து பார்த்தோம். அங்கே சனியும் இல்லை, வளையமும் இல்லை. வெறும் கறுத்த வானந்தான் இருந்தது.

அந்தக் குழந்தை பொய் சொன்னதாக நாங்கள் கருதவில்லை. பெரியவர்கள் ஆவலோடு கேட்கும்போது, பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தும்போது, ‘தெரியவில்லை’ என்று சொல்ல ஒரு குழந்தைக்கு மனம் வருவதில்லை. குற்றம் எங்களுடையதே. காட்டாததைக் காட்டிவிட்டதாக எண்ணிக்கொண்டு எத்தனை குழந்தைகளை அன்று வீட்டுக்கு அனுப்பினோமோ என்ற நினைவு எங்களை உறுத்திற்று. அந்த உறுத்தலின் பயனாக நாங்கள் செய்த ஒரு பலகையைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சனிக் கிரகம் எங்கே போயிற்று? அது எங்கும் போகவில்லை. நகர்ந்தது நாம் நிற்கும் பூமிதான். பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதற்கு 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. 24 மணி என்பது சூரியனைக் கொண்டு கணக்கிட்ட நாள். நட்சத்திரங்களைக் கொண்டு கணக்கிட்டால் ஏறக்குறைய 4 நிமிடம் குறையும். இச்சுழற்சியால் வானம் முழுவதும் மணிக்கு 15 பாகை வீதம், அதாவது நிமிடத்துக்குக் கால் பாகை வீதம், மேற்கு நோக்கி நகர்வதுபோல் தோன்றுகிறது. வெறுங்கண்ணுக்கு இந்த நகர்ச்சி புலப்படுவதில்லை. தொலைநோக்கியிலோ நிலைமை வேறு. எங்கள் தொலைநோக்கியின் ஆடி 20 செ.மீ. குறுக்களவு கொண்டது, அதன் குவியத் தூரம் 120 செ.மீ. இதில் 6 மி.மீ. கண்ணருகு லென்ஸைப் பொருத்தினால் பொருள்கள் 200 மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் அப்போது ஒரே சமயத்தில் தெரியும் வானத்தின் அகலம் கால் பாகைதான். அது முழுநிலவின் அகலத்தில் பாதி. ஓர் ஓரத்தில் நுழையும் கிரகம் ஒரு நிமிடத்தில் மற்றோர் ஓரத்தில் வெளியேறிவிடும். நாங்கள் அதை நடுவில் நிறுத்திவிட்டு விலகினால் எஞ்சுவது அரை நிமிடமே. ஒரு சிறுமி முக்காலியில் ஏறி, எந்தக் கண்ணை மூடுவது என்று தீர்மானிப்பதற்குள் அந்த அரை நிமிடம் கழிந்துவிடுகிறது.

நாங்கள் செய்த தொலைநோக்கி, அமெரிக்கரான ஜான் டாப்ஸன் பரப்பிய எளிய வகையைச் சேர்ந்தது. 1915-இல் பிறந்து 2014-இல் மறைந்த இவர், சான் பிரான்ஸிஸ்கோ நகரத்து வேதாந்த சங்கத்தில் பல ஆண்டுகள் துறவியாக இருந்தவர். பின்னர்த் தெருவோரங்களில் தொலைநோக்கியை நிறுத்தி, போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டுவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டார். அவருடைய அமைப்பில் மரப்பெட்டி ஒன்று வட்டப் பலகையின்மேல் இடவலமாகச் சுழலும். அப்பெட்டியில் தங்கியுள்ள குழாய் மேலும் கீழுமாக அசையும். செலவு குறைவு, செய்வதும் எளிது. ஆனால் வானத்து நட்சத்திரமோ இடவலமாகவும் செல்வதில்லை, மேல்கீழாகவும் செல்வதில்லை. துருவத்தை மையமாகக் கொண்டு வட்டமிடுகிறது. ஆகவே பார்ப்பவர் குழாயை இரு திசைகளிலும் இடைவிடாது தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும்.

இதற்கு மாற்று என்ன? தொலைநோக்கி முழுவதையும் அதன் பெட்டியோடு ஒரு பலகையின்மேல் ஏற்றிவைத்து, அந்தப் பலகையைப் பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சைச் சுற்றி, பூமி சுழலும் திசைக்கு எதிராக, அதே வேகத்தில் சாய்த்துக்கொண்டே வந்தால், பூமியின் சுழற்சி ஈடாகிவிடும். பலகையின் மேலிருப்பவருக்கு வானம் நின்றுவிட்டதாகவே தோன்றும். இந்தச் சாதனத்தை ஆங்கிலத்தில் ஈக்வடோரியல் பிளாட்பாரம் என்று வழங்குகிறார்கள். நாம் இதைத் தொடர்பலகை என்று சொல்லிக்கொள்வோம்.

பூமியின் அச்சுக்கு இணையான அச்சு என்றதும் நேயர்கள் மலைக்க வேண்டாம். தில்லியில் உள்ளவர்கள் அதை நேரில் காணலாம். ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெயசிங் 1724-இல் அமைத்த ஜந்தர் மந்தரில் சம்ராட் யந்திரம் என்னும் பெரிய முக்கோணச் சுவர் ஒன்று உண்டு. அதன் சாய்ந்த விளிம்பு தரையோடு ஏறக்குறைய 28½ பாகைக் கோணம் அமைத்து, வடதுருவத்தை நோக்கி எழுகிறது. தில்லியின் அட்சாம்சமும் அதுவே. எந்த ஊரிலும் பூமியின் அச்சுக்கு இணையான கோடு வடக்கு நோக்கி அவ்வூரின் அட்சாம்ச அளவுக்கு உயர்ந்து நிற்கும். இந்த ஒரு விதியை மனத்தில் கொண்டால் போதும். தொடர்பலகையின் மற்ற விஷயங்கள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

இத்தகைய பலகையை முதலில் பலரும் அறியச் செய்தவர் ஆத்ரியான் போன்ஸே என்னும் பிரெஞ்சுக்காரர். 1977-இல் அவருடைய அமைப்பு ஒரு வானியல் மாத இதழில் வெளிவந்தது. அதில் மேற்பலகையின் தென்கோடியில் ஒரு முளை இருக்கும். அந்த முளையிலிருந்து அச்சு வடக்கு நோக்கி மேலே எழும். வடபுறத்தில் பலகை ஒரு சாய்தளத்தின்மீது வழுக்கிச் செல்லும். கையால் அறுத்த இரண்டு பலகைகளும் ஒரு முளையும் இருந்தால் போதும் என்னும் அளவுக்கு எளிமையானது.

அந்த எளிமையைக் கண்டு நாங்கள் ஏமாந்தோம். எங்களுக்குக் கிடைத்த வரைபடம் 48 பாகை அட்சாம்சத்துக்கு வரைந்தது. சாய்வை மட்டும் 28½ பாகையாக மாற்றிவிட்டு, மற்ற அளவுகளை அப்படியே வைத்து அறுத்துவிட்டோம். மோட்டாரை ஓட்டியபோது, முதல் அரைமணி நேரம் உருளி வழுக்கி நின்ற இடத்திலேயே சுழன்றது. பலகை நடுநிலையைத் தாண்டியதும் தானே மேற்கே சரிந்து, மோட்டாரை முந்திக்கொண்டு ஓடியது. விலையுயர்ந்த மோட்டார் வாங்காததுதான் காரணம் என்று சில நாள் எண்ணியிருந்தோம். காரணம் மோட்டாரில் இல்லை. எங்கள் கணக்கில் இருந்தது.

கணக்கைச் சற்றே பார்ப்போம். எங்கள் தொலைநோக்கியின் எடைமையம் மேற்பலகைக்கு மேல் 45 செ.மீ. உயரத்தில் உள்ளது. சுழலும் அச்சு இந்த எடைமையத்தின் வழியே செல்லவேண்டும். அப்போதுதான் பலகை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எடை சமனாக நிற்கும். மோட்டாருக்கு வேலை அதிகமிராது. வரைபடத்தில் முளை, தொலைநோக்கியின் நடுவிலிருந்து 40 செ.மீ. தெற்கே இருந்தது. 48 பாகைச் சாய்வில் எழும் அச்சு அந்த 40 செ.மீ. தூரத்தில் 44 செ.மீ. உயர்ந்து, எடைமையத்தை ஒட்டியே செல்லும். 28½ பாகைச் சாய்விலோ அதே தூரத்தில் 22 செ.மீ.தான் உயரும். ஆகவே எங்கள் எடைமையம் அச்சுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்று, தலைகனத்த பொம்மைபோல் இருபுறமும் சாயப் பார்த்தது. முளையை 83 செ.மீ. தெற்கே தள்ளிவைத்தால் தில்லியில் கணக்குச் சரியாகும். ஆனால் பலகை கட்டில்போல் நீண்டுவிடும். 13 பாகையில் உள்ள சென்னையிலும் பெங்களூரிலும் அந்தத் தூரம் 195 செ.மீ. ஆகும். ஐரோப்பியருக்கு எளிதாக அமைந்த யுக்தி நம் நாட்டுக்கு அப்படியே ஒத்துவராததன் காரணம் இதுதான். நாம் தெற்கே வரவர அச்சு படுத்துக்கொள்கிறது.

அச்சு படுத்துக்கொண்டால் அதற்கேற்ற வடிவத்தை நாம் நம் வீடுகளிலேயே காணலாம். குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரைக்குக் கீழே வளைந்த இரண்டு கட்டைகள் இருக்கின்றன அல்லவா? அதுபோல் மேற்பலகையின் அடியில் வடக்கே ஒரு வில், தெற்கே ஒரு வில் என இரண்டு மரவிற்களைப் பொருத்தி, அவற்றை உருளிகளின்மேல் உட்கார வைத்தால் முளையே தேவையில்லை. இரண்டு விற்களுக்கும் மையம் ஒரே அச்சில், அதாவது எடைமையத்தின் வழியே செல்லும் அந்தக் கற்பனைக் கோட்டில், இருக்கவேண்டும்.

நாங்கள் கைக்கொண்ட அளவுகளைச் சொல்கிறோம். எடைமையத்துக்கு நேர்கீழே உள்ள இடத்திலிருந்து 25 செ.மீ. வடக்கே ஒரு வில்லும் 25 செ.மீ. தெற்கே மற்றொரு வில்லும் வைத்தோம். விற்கள் நேர்குத்தாக நில்லாமல், அச்சுக்குச் செங்குத்தாக, கீழ்விளிம்பு வடக்கே 28½ பாகை சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வின் வழியே அளந்தால் பலகையிலிருந்து அச்சுக்குள்ள தூரம் வடபுறம் ஏறக்குறைய 52 செ.மீ., தென்புறம் ஏறக்குறைய 28 செ.மீ. ஒவ்வொரு வில்லும் நடுவில் 8 செ.மீ. அகலம் உடையது. ஆக, வட வில்லின் ஆரம் 60 செ.மீ.; தென் வில்லின் ஆரம் 36 செ.மீ. இரண்டையும் 18 மி.மீ. கனமுள்ள பிளைவுட்டில் அறுத்தோம். நூலைக் கட்டி வட்டம் வரைய முற்பட்ட எங்களைத் தச்சர் தடுத்தார். நூல் இழுபடும் என்று சொல்லி, ஒரு நீண்ட ரீப்பர் சட்டத்தின் ஒரு முனையில் ஆணியையும் மறுமுனையில் பென்சிலையும் பொருத்திக் கொடுத்தார். வில்லின் விளிம்பில் உள்ள சிறு மேடுபள்ளமும் தொலைநோக்கியில் குலுக்கலாகத் தெரியும் ஆகையால், உப்புத்தாளால் தேய்த்தபின் விளிம்பின்மேல் அலுமினியப் பட்டை ஒட்டினோம்.

எடைமையத்தைக் காண்பது எளிது. தொலைநோக்கியை மேற்பலகையோடு சேர்த்துக் கட்டிப் படுக்கவைத்து, ஓர் உருட்டுக் கம்பின்மேல் முன்னும் பின்னும் நகர்த்தினால், எந்த இடத்தில் துலாக்கோல்போல் சமனாக நிற்கிறதோ அதுவே எடைமையத்தின் உயரம். இதைச் செய்ய இருவர் வேண்டும்; ஆடியை முன்னதாகக் கழற்றிவிடலாகாது, ஏனெனில் அதன் எடையும் கணக்கில் சேரவேண்டும்.

ஒவ்வொரு வில்லும் இரண்டு உருளிகளின்மேல் தங்குகிறது. மூன்று உருளிகளுக்குப் பால் பேரிங்குகளைப் பயன்படுத்தினோம். நான்காவது, வட வில்லின் கீழுள்ள ஒன்று, மோட்டாரோடு இணைந்த எஃகு உருளி. உருளிகளின் அச்சுகள் எல்லாம் பூமியின் அச்சுக்கு இணையாகவே இருக்கவேண்டும். எங்கள் முதல் ஓட்டத்தில் பலகை மெல்லத் தெற்கே வழுக்கி இறங்கியது. அச்சு சாய்ந்திருப்பதால் எடையில் ஒரு பங்கு தெற்கு நோக்கித் தள்ளுகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். தென் வில்லின் பக்கவாட்டில் ஒரு பேரிங்கை முட்டுக் கொடுத்ததும் அந்தக் குறை நீங்கியது.

இனி வேகத்தைப் பார்ப்போம். எங்கள் வட வில் ஒரு முழு வட்டமாக இருந்தால் அதன் குறுக்களவு 120 செ.மீ. ஓட்டும் உருளியின் குறுக்களவு 2 செ.மீ. எனவே வில் ஒருமுறை சுற்றவேண்டுமானால் உருளி 60 முறை சுற்றவேண்டும். வில் சுற்றவேண்டிய காலம் ஒரு நட்சத்திர நாள். ஆகவே உருளி ஒருமுறை சுற்றவேண்டிய காலம் நட்சத்திர நாளில் அறுபதில் ஒரு பங்கு. நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தார்கள் அன்றோ? எங்கள் உருளி ஒரு நாழிகைக்கு ஒரு சுற்று வீதம் சுழலவேண்டும் என்று கணக்கு வந்தபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. துல்லியமாகச் சொன்னால் அது 23 நிமிடம் 56 விநாடி.

இவ்வளவு மெதுவான சுழற்சிக்கு ஸ்டெப்பர் மோட்டார் என்பது ஏற்றது. அது ஒரு சுற்றை 200 சிறு அடிகளாக எடுத்து வைக்கும். அதனோடு நூறுக்கு ஒன்றாக வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரப் பெட்டி ஒன்றை இணைத்தால், உருளி ஒருமுறை சுற்ற 20,000 அடிகள் ஆகும். விநாடிக்கு ஏறக்குறைய 14 அடிகள் வீதம் மின்துடிப்புகளை அனுப்ப ஒரு சிறிய மின்னணுப் பலகை போதும். ஒவ்வோர் அடியிலும் தொலைநோக்கி நகர்வது ஏறக்குறைய ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. அந்த நடை கண்ணுக்குத் தெரிவதில்லை.

பலகை எங்கே எப்படி வைக்கப்பட வேண்டும்? அச்சு வடக்கு நோக்க வேண்டும். அடிப்பலகையில் ஒரு சாண் நீளமுள்ள பித்தளைக் குழாயை 28½ பாகைச் சாய்வில் பொருத்தியுள்ளோம். அதன் வழியே துருவ நட்சத்திரம் தெரியும்படி அடிப்பலகையைத் திருப்பி, ரசமட்டத்தை வைத்து மூன்று திருகாணிகளால் மட்டப்படுத்துகிறோம். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து பாகைக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. அச்சில் ஒரு பாகை பிழை இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் நட்சத்திரம் விலகுவது அதிகம் போனால் கால் பாகையே. கண்ணால் பார்ப்பதற்கு அது பெரிய குறையன்று. துருவ நட்சத்திரத்தைக் கட்டடங்கள் மறைக்கும் இடங்களில், சிற்பிகள் சங்கு நாட்டித் திசை கண்ட பழைய முறை உதவும். தரையில் ஒரு குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, காலையிலும் மாலையிலும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இரண்டு புள்ளிகளையும் இணைத்தால், அது கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தானது வடக்கு. பகலில் இந்த வேலையைச் செய்யும்போது, தொலைநோக்கியை மூடியே வைத்திருக்கவேண்டும். அதன் வழியே சூரியனை ஒருகணம் பார்த்தாலும் கண் போய்விடும்.

இப்பலகையின் எல்லையையும் சொல்லிவிடவேண்டும். நடுநிலையிலிருந்து கிழக்கே 7½ பாகை, மேற்கே 7½ பாகை என ஒரு மணி நேரமே இது ஓடும். பின்னர்க் கையால் மீண்டும் கிழக்கே சாய்த்து வைக்கவேண்டும். மங்கலான பொருள்களை நெடுநேரம் படமெடுக்க இதன் துல்லியம் போதாது. மேலும் ஓர் ஊருக்குச் செய்த பலகை வேறோர் ஊரில் பயன்படாது. தில்லிப் பலகையைச் சென்னையில் வைத்தால், கிரகம் நிமிடத்துக்கு 4 கலை வரை விலகக்கூடும். இரண்டே நிமிடத்தில் பார்வையை விட்டு அகன்றுவிடும். சென்னையில் உள்ளவர்கள் இதே தொலைநோக்கிக்கு விற்களின் ஆரத்தை 57½ செ.மீ., 46 செ.மீ. என்று கொள்ளலாம். தெற்கே செல்லச் செல்ல இரண்டு விற்களும் அளவில் நெருங்கிவரும். பூமத்திய ரேகையில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அச்சு படுத்துக்கிடப்பது நமக்குக் குறை என்று எண்ணவேண்டாம். உதகமண்டலத்தில் பேராசிரியர் கோவிந்த் சுவரூப் அவர்களின் தலைமையில் அமைந்து, 1970-இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்விடத்து அட்சாம்சம் ஏறக்குறைய 11 பாகை. வடக்கு நோக்கி அதே 11 பாகை உயரும் மலைச்சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன்மேல் அந்த நீண்ட சாதனத்தைக் கிடத்தினார்கள். மலையே பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டதால், சாதனத்தை ஒரே அச்சில் சுழற்றி, வானத்துப் பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேலும் தொடரமுடிகிறது. 48 பாகை அட்சாம்சத்தில் இதற்கேற்ற சரிவில் நிற்கவே இயலாது. நம் அட்சாம்சத்தின் இயல்பை அறிந்து அதற்கேற்பச் செய்தால், அதுவே நமக்குத் துணையாகிறது.

பலகை முடிந்தபின் அதே பள்ளிக்கு மீண்டும் சென்றோம். சனியை நடுவில் நிறுத்தி மோட்டாரை ஓடவிட்டோம். எங்களில் ஒருவரும் குழாயைத் தொடவில்லை. வரிசை மெதுவாகவே நகர்ந்தது, யாரையும் அவசரப்படுத்தவில்லை. அந்தச் சிறுமியும் வந்தாள். முதல் அரை நிமிடம் அவள் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பிறகு, “பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதே, அது என்ன, மாமா?” என்றாள். அது டைட்டன், 1655-இல் ஹைகன்ஸ் கண்டுபிடித்த சனியின் சந்திரன். நாங்கள் யாரும் அதைப்பற்றி அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. முக்காலியிலிருந்து இறங்கும்போது, “போன தடவை எனக்கு ஒன்றுமே தெரியவில்லை” என்று மெல்லச் சொன்னாள்.

கண்ணுக்கும் பழக்கம் வேண்டும். இருட்டில் மங்கலாகத் தெரியும் ஒன்றை உணர்ந்துகொள்ள அதற்குச் சற்று நேரம் வேண்டும். பெரிய ஆடியும் உயர்ந்த லென்ஸும் தரமுடியாத அந்த நேரத்தை, இரண்டு மரவிற்களும் நாழிகைக்கு ஒருமுறை சுழலும் ஓர் உருளியும் தருகின்றன. தொலைநோக்கி வைத்திருக்கும் நேயர்கள் தத்தம் ஊரின் அட்சாம்சத்தை அறிந்து, தங்கள் கருவியின் எடைமையத்தை அளந்து, இத்தகைய பலகை ஒன்றைச் செய்துபார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். உங்கள் தெருக் குழந்தைகள் வரிசையில் நிற்கும்போது, அவர்கள் சொல்லும் ‘தெரிகிறது’ என்ற சொல் மெய்யாக இருக்கும்.